இரண்டு சூரியன்களுக்கு ஒரு கோள்: அது எங்கே பிறந்தது?

இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு கோள் தூக்கி எறியப்படாமல் நீடிப்பது எப்படி, அது அங்கே உருவானதே எப்படி, அதிலிருந்து பார்த்தால் இரண்டு சூரியன்களும் எப்படித் தெரியும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோர் முதல் கேள்விதான் கடினமானது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு விடை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. வானியலர்களை இன்றும் மண்டையைக் குடைய வைப்பது இரண்டாவது கேள்வி. ஆகவே முதலாவதை வேண்டிய அளவுக்குச் சொல்லிவிட்டு இரண்டாவதை விரித்து எழுதுகிறேன். மூன்றாவதற்கு ஒரு சிறு கணக்கே போதும்.

இது ஏதோ அபூர்வமான சூழல் என்று எண்ண வேண்டாம். சூரியனைப் போன்ற விண்மீன்களில் ஏறத்தாழ பாதி, துணையோடுதான் இருக்கின்றன. அந்தத் துணை சில நாள்களில் சுற்றி முடிக்கும் அளவுக்கு ஒட்டியும் இருக்கலாம், பல்லாயிரம் ஆண்டுகளில் ஒரு சுற்று வரும் அளவுக்கு விலகியும் இருக்கலாம். தனித்த சூரியன் என்ற நம் அனுபவத்தை வைத்துக் கோள்களின் பிறப்பைப் புரிந்துகொள்வது, பாதிக் கதையை மட்டும் படிப்பது போன்றது.

இத்தகைய தொகுதியில் ஒரு கோள் இரண்டு வகையாகச் சுற்ற முடியும். இரண்டு விண்மீன்களில் ஒன்றை மட்டும் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு, மற்றதைத் தொலைவில் வைத்திருப்பது ஒரு வகை. இதைத் தனிச்சுற்று என்போம். இரண்டு விண்மீன்களையும் உள்ளே விட்டு, அவற்றின் பொதுவான நிறை மையத்தை வெளியிலிருந்து சுற்றி வருவது இன்னொரு வகை. இதை வெளிச்சுற்று என்போம். உங்கள் கேள்வி இரண்டாவது வகையைப் பற்றியதுதான் என்றாலும், முதல் வகையைச் சொல்லாமல் போனால் பின்னால் வரும் சில செய்திகள் விளங்காது.

இரண்டு வகையிலும் கோள் நிலைத்திருக்க வேண்டும் என்றால், விண்மீன்களுக்கு இடையிலான தொலைவும் கோளின் சுற்றுப்பாதையும் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட அளவில் இருக்க வேண்டும். 1999இல் மாத்யூ ஹோல்மன், பால் வீகர்ட் ஆகிய இருவரும் கணினியில் ஏராளமான சுற்றுப்பாதைகளை ஓட்டிப் பார்த்து, எந்தத் தொலைவு வரை கோள் தப்பிப் பிழைக்கும் என்பதற்குச் சமன்பாடுகள் தந்தார்கள். சம நிறையுள்ள இரண்டு விண்மீன்கள் வட்டப்பாதையில் சுற்றுவதாகக் கொண்டால், தனிச்சுற்றுக் கோள் அவற்றின் இடைத்தொலைவில் ஏறத்தாழ 0.27 பங்குக்குள் இருக்க வேண்டும். வெளிச்சுற்றுக் கோள் அந்த இடைத்தொலைவைப் போல் ஏறத்தாழ 2.4 மடங்குக்கு அப்பால் இருக்க வேண்டும். விண்மீன்களின் பாதை நீள்வட்டமாக நீண்டு, மையத்தொலைத்தகவு (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதன் அளவு; வட்டத்துக்கு அது 0) 0.5 ஆகிவிட்டால் இந்த எண்கள் 0.12 என்றும் 3.6 என்றும் மாறும். அதாவது, விண்மீன்கள் நெருங்கியும் விலகியும் ஆட ஆட, கோளுக்கு ஒதுக்கப்பட்ட இடம் இரு பக்கமும் சுருங்குகிறது.

இதற்குக் காரணம் மாயமொன்றும் இல்லை. போதிய தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டு விண்மீன்களின் ஈர்ப்பும் ஏறக்குறைய ஒரே பொருளின் ஈர்ப்பு போலத்தான் இருக்கும். அதில் மிஞ்சும் சிறு வேறுபாடு தொலைவு கூடும்போது மிக வேகமாகத் தேய்ந்துவிடும். அருகே வர வர, கோள் ஒரு சுற்று முடிப்பதற்குள் விண்மீன்கள் மூன்று சுற்று, நான்கு சுற்று என்று முழு எண் கணக்கில் சுற்றும் இடங்கள் குறுக்கிடும். அங்கெல்லாம் ஒரே வகைத் தள்ளல் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழும். ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளினால் வீச்சு கூடுவது போலப் பாதை நீண்டுகொண்டே போகும். இந்த ஒத்ததிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவுக்கு நெருங்கும்போது பாதை கணிக்க முடியாதபடி குலைந்து, கோள் வெளியே வீசப்படுகிறது. வீசப்படுவதே அதிகம், விண்மீனில் மோதி அழிவது அதைவிடக் குறைவு.

தனிச்சுற்றுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆல்ஃபா சென்டாரி. அதன் பெரிய இரண்டு விண்மீன்களும் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. இடைத்தொலைவு 11 வானியல் அலகிலிருந்து 36 வானியல் அலகு வரை மாறுகிறது. (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு.) மேலே சொன்ன கணக்கின்படி அங்கே ஏறத்தாழ 2.8 வானியல் அலகுக்குள் ஒரு கோள் எந்தத் தொல்லையும் இல்லாமல் சுற்றலாம். பூமியின் பாதை அதற்குள் தாராளமாக அடங்கும். காமா செஃபை இதைவிடக் கடினமான உதாரணம்: ஏறத்தாழ 20 வானியல் அலகு தொலைவில் ஒரு துணை இருந்தும், முதன்மை விண்மீனிலிருந்து சுமார் 2 வானியல் அலகில் ஒரு பெருங்கோள் சுற்றுகிறது. 1988இலேயே அதன் தடயம் கிடைத்திருந்தது, உறுதியானது 2003இல். அந்தக் கோள் இன்றிருக்கும் இடத்தில் பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் அந்த நெருக்கடியில் அது எப்படித் திரண்டது என்பதற்கு முழு நிறைவான விளக்கம் இன்னும் இல்லை. நீடிப்பதும் பிறப்பதும் வெவ்வேறு கேள்விகள் என்று நான் சொன்னதன் பொருள் இதுதான்.

இனி வெளிச்சுற்றுக்கு வருவோம். இதில் முதன்முதலாகத் தெளிவாக, ஐயத்துக்கு இடமின்றிப் பிடிபட்ட சாதாரண விண்மீன் இணை கெப்ளர்-16. லாரன்ஸ் டாய்ல் தலைமையிலான குழு 2011 செப்டம்பரில் இதை அறிவித்தது. சூரியனின் நிறையில் 0.69 பங்குள்ள ஓர் ஆரஞ்சு நிற விண்மீனும், 0.20 பங்குள்ள ஒரு செங்குறுமீனும் (சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்) 41 நாள்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அவற்றின் தளம் நம் பார்வைக் கோட்டோடு ஒட்டியிருப்பதால் ஒன்று மற்றதை மாறி மாறி மறைக்கிறது: சிறியது பெரியதன் முன்னே வரும்போது ஒளி ஏறத்தாழ 13 விழுக்காடு குறையும், பெரியது சிறியதை மறைக்கும்போது 1.6 விழுக்காடு மட்டும் குறையும். இவற்றோடு சேராத மூன்றாவது வகை மங்கல் ஒன்று, 1.7 விழுக்காடு ஆழத்தில், விண்மீன்களின் ஒளி மங்குவதைக் கண்காணித்த கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் பதிவில் தென்பட்டது.

அந்த மூன்றாவது மங்கல் வந்த முறைதான் என்னை எப்போதும் கவர்ந்த இடம். ஒரே விண்மீனைச் சுற்றும் கோள் கடிகாரம் போலச் சம இடைவெளியில் குறுக்கே வரும். இங்கோ முதல் இடைவெளி 230.3 நாள், அடுத்த இடைவெளி 221.5 நாள். கோள் தாமதித்ததும் விரைந்ததும் இல்லை. ஒவ்வொரு முறையும் அது வந்து சேர்ந்தபோது பெரிய விண்மீன் தன் சுற்றில் வேறோர் இடத்தில் நின்றது. இலக்கே நகர்ந்துகொண்டிருந்தது. பின்னாலிருக்கும் வேறொரு தொகுதியின் ஒளி தவறுதலாகக் கலந்திருந்தால் இந்த இடைவெளிகள் இணையின் சுற்றோடு இப்படிப் பொருந்தியிருக்காது. அதனால்தான் இந்தக் கண்டுபிடிப்பை எதிர்த்து யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. 2022இல் பிரான்சின் ஓட்-புரோவென்ஸ் ஆய்வகத்தில் 193 செ.மீ. தொலைநோக்கியைக் கொண்டு, விண்மீனின் தள்ளாட்டத்தை அளந்து, அதே கோளை வேறு வழியிலும் கண்டுகாட்டினார்கள்.

அந்தக் கோளின் நிறை வியாழனின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு, அது 0.70 வானியல் அலகு தொலைவில் 229 நாள்களில் இணையைச் சுற்றுகிறது. இப்போது அந்த எல்லைக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். விண்மீன்களின் இடைத்தொலைவு 0.22 வானியல் அலகு, மையத்தொலைத்தகவு 0.16. இவற்றைச் சமன்பாட்டில் இட்டால் ஆபத்தான பகுதி ஏறத்தாழ 0.65 வானியல் அலகில் முடிகிறது. கோள் அந்த விளிம்பிலிருந்து பத்து விழுக்காடு கூட விலகவில்லை. அது ஒரு சுற்று வருவதற்குள் விண்மீன்கள் 5.57 சுற்று வருகின்றன; அதாவது ஐந்துக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று என்ற இரண்டு ஒத்ததிர்வுகளுக்கும் நடுவே கிடைத்த சந்தில் அது பிழைத்துக் கிடக்கிறது.

இதே தொகுதி இன்னொரு பாடமும் கற்பித்தது. கோளின் பாதைத் தளமும் விண்மீன்களின் பாதைத் தளமும் மூன்றில் ஒரு பாகை அளவுக்கே விலகியிருக்கின்றன என்றாலும், அந்தச் சிறு சாய்வு போதும். பம்பரத்தின் அச்சு தலையாட்டுவது போலக் கோளின் தளம் மெல்லச் சுழல்கிறது. விளைவாக, 2014 வாக்கில் அது சிறிய விண்மீனைக் கடப்பது நின்றது; 2018 வாக்கில் பெரிய விண்மீனைக் கடப்பதும் நமக்குத் தெரியாமல் போனது. கணக்குப்படி அது மீண்டும் நம் பார்வைக் கோட்டுக்குள் வர ஏறத்தாழ 2042 ஆகும். கெப்ளர்-413 இதைவிட விசித்திரம்: 66 நாள்களுக்கு ஒருமுறை சுற்றும் அதன் கோள் மூன்று முறை விண்மீனைக் கடந்துவிட்டு, பிறகு 800 நாள்கள் காணாமல் போய், மறுபடியும் ஐந்து முறை கடந்தது. தளம் சுழன்று முடிய அங்கே 11 ஆண்டுகளே போதும். நாம் பார்க்கும் நேரத்தில் தற்செயலாகக் கோட்டுக்குள் இருந்தவை மட்டுமே பட்டியலில் ஏறியிருக்கின்றன; சற்று முன்போ பின்போ பார்த்திருந்தால் வேறொரு பட்டியல் கிடைத்திருக்கும்.

கெப்ளர் தந்த பட்டியலில் இத்தகைய 10 தொகுதிகளும் அவற்றில் 12 கோள்களும் உள்ளன. கெப்ளர்-47இல் மட்டும் மூன்று கோள்கள். கெப்ளருக்குப் பின் வந்த டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் பங்காக முதலில் வந்தது டி.ஓ.ஐ.-1338, 2020 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட அந்தக் கோளின் தடயத்தை முதலில் கவனித்தவர் நாசாவில் கோடைக்காலப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பள்ளி மாணவர். கணினி நிரல்கள் சம இடைவெளியைத் தேடுகின்றன. சமமில்லாத இடைவெளியை இன்றும் மனிதக் கண் நன்றாகவே பிடிக்கிறது. 2012இல் நான்கு விண்மீன் தொகுதியொன்றில் கெப்ளர்-64இன் கோளைக் கண்டவர்களும் தன்னார்வலர்கள்தான்.

இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது, கெப்ளர்-16, 34, 35, 38, 64, 413 என்று பல தொகுதிகளில் கோள்கள் அந்த ஆபத்து விளிம்பை ஒட்டியே நிற்பதுதான். இதில் ஒரு பகுதி நம் தேடல் முறையின் சார்பு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: அருகிலிருக்கும் கோள் அடிக்கடி குறுக்கே வரும், ஆகவே எளிதில் சிக்கும். 2016இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-1647இன் கோள் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1,108 நாள்கள் எடுத்துக்கொண்டு எல்லையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. அத்தகையவை நிறைய இருந்தும் நாம் தவறவிட்டிருக்கலாம். ஆனாலும் விளிம்பில் இத்தனை கோள்கள் இருப்பதற்கு விளக்கம் வேண்டும். ஏனென்றால் ஒரு கோள் பிறப்பதற்கு மிகவும் தகாத இடம் அந்த விளிம்புதான்.

தகாத இடம் என்பது ஏன் என்று சொல்கிறேன். கோள் உருவாக வேண்டுமானால் கிலோமீட்டர் அளவுள்ள பாறைத் திரள்கள் மெதுவாக முட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும். தனி விண்மீனைச் சுற்றும் வாயு-தூசி வட்டில் அடுத்தடுத்த திரள்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில், ஒரே போக்கில் போவதால் மோதல் மென்மையாக நிகழும். இரட்டை விண்மீன்களின் ஈர்ப்போ ஒவ்வொரு திரளின் பாதையையும் சற்று நீட்டிவிடுகிறது. திரள்களின் அளவைப் பொறுத்து வாயுவின் இழுவையும் வேறுபடுவதால், பக்கத்துப் பாதைகள் வெவ்வேறு திசைகளில் நீண்டு ஒன்றையொன்று வெட்டுகின்றன. அங்கே மோதும் திரள்கள் ஒட்டுவதற்குப் பதிலாக உடைந்து தூளாகின்றன. கெப்ளர்-16இன் கோள் இன்று சுற்றும் தொலைவில் இந்த மோதல் வேகங்களைக் கணக்கிட்டவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தார்கள்: இக்கோள் இங்கே பிறந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அப்படியானால் எங்கே பிறந்தது? விடை, கோளுக்கு முன் அங்கிருந்த வட்டில் இருக்கிறது. இளம் இரட்டை விண்மீன்களைச் சூழ்ந்து வாயுவும் தூசியும் கலந்த பெரிய வட்டு ஒன்று சுற்றும். விண்மீன்கள் வட்டைவிட வேகமாகச் சுற்றுவதால் தங்கள் கோண உந்தத்தை (சுற்றும் இயக்கத்தின் உந்தம்) ஒத்ததிர்வுகள் வழியாக வட்டின் உட்பகுதிக்கு ஊட்டி, அங்குள்ள வாயுவை வெளிப்புறமாகத் தள்ளுகின்றன. இதனால் இடைத்தொலைவைப் போல் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு ஆரத்துக்கு வட்டின் நடுவே ஒரு பெரிய குழி விழுகிறது. 1994இல் பாவெல் ஆர்டிமோவிச், ஸ்டீஃபன் லூபோ ஆகியோர் இதன் அளவுகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கோள் நிலைத்திருக்கக்கூடிய எல்லைக்கு மிக அருகில் இந்தக் குழியின் விளிம்பும் வருவதைக் கவனியுங்கள். இரண்டையும் உண்டாக்குவது ஒரே இயற்பியல்.

குழி முழு வெற்றிடம் அல்ல. வட்டின் உள் விளிம்பிலிருந்து மெல்லிய வாயு ஓடைகள் பிரிந்து விண்மீன்களை நோக்கி விழுகின்றன. ரிஷப மண்டலத்திலுள்ள டி.கியூ. டௌ என்னும் இளம் இணையில் இதன் விளைவை நேரடியாகவே பார்க்கலாம். அதன் விண்மீன்கள் 15.8 நாள்களுக்கு ஒருமுறை நீள்வட்டத்தில் சுற்றுகின்றன; அவை மிக நெருங்கி வரும் நாள்களை ஒட்டி, எல்லாச் சுற்றிலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலானவற்றில், தொகுதி பளிச்சென்று ஒளி கூடுகிறது. நெருங்கும்போதெல்லாம் வட்டிலிருந்து ஒரு வாய் உணவு உள்ளே போகிறது என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அதே ரிஷப மண்டலத்தில், ஏறத்தாழ 450 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஜி.ஜி. டௌ ஏ, இந்த ஆய்வின் உரைகல் போன்றது: நடுவே விண்மீன்கள் ஏறத்தாழ 35 வானியல் அலகு இடைவெளியில் தெரிய, அவற்றைச் சுற்றி 180 முதல் 260 வானியல் அலகு வரை அடர்ந்த வளையம் ஒன்று நிற்கிறது. குழியைக் கடந்து உள்ளே பாயும் வாயுவை 2014இல் அல்மா வானலைத் தொலைநோக்கி வரிசை பதிவு செய்தது. அங்குள்ள குழி கோட்பாடு சொல்வதைவிடப் பெரியது என்பதால் விண்மீன்களின் பாதை நாம் எண்ணியதைவிட நீளமா, வளையம் சாய்ந்திருக்கிறதா, அல்லது ஒளிந்திருக்கும் கோள் ஏதேனும் உதவுகிறதா என்ற விவாதம் தொடர்கிறது. 2019இல் பார்னார்டு 59 என்ற இருண்ட முகிலில், 28 வானியல் அலகு இடைவெளியுள்ள இரண்டு குழந்தை விண்மீன்களை அல்மா காட்டியது: ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு சிறு வட்டு, இரண்டையும் சூழ ஒரு பெரிய வட்டு, இடையே முறுக்கிக்கொண்டு ஓடும் தூசி இழைகள்.

இப்போது கோளின் கதையை இதோடு இணைத்துப் பாருங்கள். வட்டின் வெளிப்பகுதியில் இரட்டையின் தொந்தரவு எட்டாது. அங்கே கோள் பிறப்பது தனி விண்மீனின் வட்டில் பிறப்பதற்குச் சமம். பிறந்த கோள் வட்டின் வாயுவோடு உந்தத்தைப் பரிமாறிக்கொண்டு மெல்ல மெல்ல உள்நோக்கி நகரும். குழியின் விளிம்பை அடையும்போது வாயுவின் அடர்த்தி சட்டென்று குறைவதால், உள்ளே இழுக்கும் திருகுவிசையும் வெளியே தள்ளும் திருகுவிசையும் அங்கே சமப்பட்டுக் கோள் நின்றுவிடும். சில மில்லியன் ஆண்டுகளில் வாயு கலைந்துபோன பின் கோள் மட்டும் விளிம்பில் மிஞ்சும். நாம் இன்று காண்பது அந்த மிச்சத்தைத்தான். என் பார்வையில் இது இன்றைய நிலையில் மிகப் பொருத்தமான விளக்கம். ஆனால் எல்லா எண்களும் சரியாக விழுந்துவிட்டன என்று சொல்ல முடியாது. கணினிப் படிமங்களில் குழி பெரும்பாலும் வட்டமாக இராமல் நீண்டு, தானும் மெல்லச் சுழல்கிறது; அதன் அளவு வாயுவின் பிசுக்குமையையும் (ஓட்டத்தில் எழும் உள் உராய்வு) வட்டின் தடிமனையும் பொறுத்து மாறுகிறது; ஆகவே கோள் நிற்கும் இடம் சில தொகுதிகளில் நன்றாகப் பொருந்துகிறது, கெப்ளர்-34 போன்றவற்றில் இழுபறியாக இருக்கிறது.

எந்த விண்மீன் இணையில் கோள் இல்லை என்பதும் ஒரு தடயமே. ஒன்றையொன்று மறைக்கும் இணைகளாக நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை ஏழு நாள்களுக்குக் குறைவாகச் சுற்றுபவை. ஆனால் இதுவரை கோளோடு கிடைத்தவற்றில் மிகக் குறுகிய சுற்றுக்காலம் கெப்ளர்-47இன் 7.45 நாள். காரணமாகப் பலரும் கருதுவது மூன்றாவது விண்மீன் ஒன்றின் குறுக்கீடு. மூன்று நாள்களுக்குக் குறைவாகச் சுற்றும் இணைகளில் 96 விழுக்காட்டுக்கு மூன்றாவது துணை உண்டு என்று ஆந்திரேய் டோகொவினின் குழு 2006இல் கண்டது. அந்த இணைகள் பிறக்கும்போதே அவ்வளவு ஒட்டியிருக்கவில்லை. மூன்றாவது விண்மீன் அவற்றின் பாதையைப் பல்லாயிரம் சுற்றுகளில் நீட்டி நெருங்கச் செய்ய, ஓதவிசை (நெருங்கிய விண்மீன்கள் ஒன்றையொன்று இழுத்து உருக்குலைக்கும் ஈர்ப்பு) அதைச் சுருக்கியது. அத்தகைய குலுக்கலில் வெளியே சுற்றிக்கொண்டிருந்த கோள் எதுவும் பழைய இடத்தில் அமைதியாக இருந்திருக்க முடியாது.

இதுவரை வட்டும் விண்மீன்களும் ஒரே தளத்தில் இருப்பதாகவே பேசினேன். இயற்கை அவ்வளவு ஒழுங்காக இல்லை. கே.எச். 15டி என்ற இளம் இணை, 48 நாள்களுக்கு ஒருமுறை சுற்றுகையில், சாய்ந்திருக்கும் தன் வளையத்தின் விளிம்புக்குக் கீழே மூழ்கி மறுபடி மேலெழுகிறது. தொடுவானத்தில் சூரியன் மறைந்து உதிப்பது போன்ற ஒளி மாற்றம் அதில் பதிவாகியிருக்கிறது. வளையம் தலையாட்டிக்கொண்டே நகர்வதால், பழைய ஒளிப்படத் தகடுகளில் அந்த விண்மீன் இப்படி மூழ்கவே இல்லை. எச்.டி. 98800 இன்னும் துணிச்சலானது. நான்கு விண்மீன்கள் கொண்ட அந்தத் தொகுதியில், மையத்தொலைத்தகவு 0.78 அளவுக்கு நீண்ட பாதையில் ஏறத்தாழ 315 நாள்களில் சுற்றும் ஓர் இணையைச் சுற்றி, அதன் தளத்துக்குச் செங்குத்தாக ஒரு வட்டு எழுந்து நிற்பதை கிராண்ட் கென்னடியும் உடனாய்வாளர்களும் 2019இல் காட்டினார்கள். கேட்பதற்கு நிலையற்றதாகத் தோன்றினாலும் அது நிலையான அமைப்பே. நீண்ட நீள்வட்ட இணையைச் சுற்றி ஒரு வட்டு குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் சாய்ந்துவிட்டால், அது கீழே படுப்பதற்குப் பதிலாக 90 பாகை நோக்கி எழுந்து அங்கேயே அடங்கிவிடும். 99 ஹெர்குலிஸ் என்ற முதிர்ந்த இணையைச் சுற்றிலும் இப்படி எழுந்து நிற்கும் தூசி வளையம் இருப்பதற்கான சான்று 2012இல் கிடைத்திருந்தது, ஜி.டபிள்யூ. ஓரியோனிஸ் என்ற மும்மை விண்மீனின் வட்டு, வெவ்வேறு கோணத்தில் சாய்ந்த வளையங்களாகப் பிரிந்திருப்பதை 2020இல் பார்த்தோம். வட்டு செங்குத்தாக நின்றால் அதில் பிறக்கும் கோளும் செங்குத்தாகவே சுற்றும். 2025இல், இரண்டு பழுப்புக் குறுமீன்களின் (விண்மீனாக எரியப் போதிய நிறை இல்லாத பொருள்கள்) இணையொன்றின் பாதை பின்னோக்கித் திரும்புவதைக் கொண்டு, அதைச் சுற்றி அத்தகைய கோள் ஒன்று இருப்பதற்குச் சான்று முன்வைக்கப்பட்டது. கோள் குறுக்கே கடப்பதை மட்டும் நம்பியிருந்தால் இவற்றில் பெரும்பாலானவை நம் கைக்கு எட்டாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மறைப்பு நேரங்கள் முந்துவதும் பிந்துவதுமாக இருப்பதை மட்டும் வைத்து, வெண்குறுமீன் (எரிந்து முடிந்த விண்மீனின் சுருங்கிய மிச்சம்) உள்ள இணைகளில் கோள்கள் இருப்பதாகப் பல அறிவிப்புகள் வந்திருக்கின்றன. விண்மீனின் காந்தச் சுழற்சி அதன் வடிவத்தைச் சற்று மாற்றினாலே நேரம் இப்படிப் பிசகலாம். வி 471 டௌரி என்ற இணையில் ஒரு பழுப்புக் குறுமீன் இருந்தே ஆக வேண்டும் என்று நேரக் கணக்கு சொன்னது. 2015இல் நேரடியாகப் படமெடுத்துத் தேடியபோது அங்கே எதுவும் இல்லை. இவ்வகை அறிவிப்பைப் படிக்கும்போது, வேறொரு முறையில் அது உறுதியானதா என்று முதலில் பாருங்கள். இதற்கு நேர்மாறாக, எம் 4 என்ற கோளக் கொத்தில் (பழைய விண்மீன்களின் அடர்ந்த திரள்) ஒரு துடிவிண்மீனையும் (சீரான இடைவெளியில் துடிப்புகள் அனுப்பும் விண்மீன் மிச்சம்) வெண்குறுமீனையும் சேர்த்துச் சுற்றும் கோள், 1993 முதலே துடிப்புகளின் நேரத்திலிருந்து ஊகிக்கப்பட்டு, 2003இல் ஹபிள் தொலைநோக்கியின் துணையோடு வலுப்பெற்றது. துடிவிண்மீனின் கடிகாரம் அவ்வளவு துல்லியமானது என்பதால்தான் அது நிலைத்தது.

தனிச்சுற்று வட்டுகளைப் பற்றி ஒரு சொல். அவற்றைத் துணை விண்மீன் வெளிப்புறத்திலிருந்து நறுக்கிவிடுகிறது. பொருளும் குறைவு, ஆயுளும் குறைவு. கோள்கள் உள்ளவையாகக் கெப்ளர் கண்ட விண்மீன்களைக் கூர்ந்து படமெடுத்த ஆடம் கிராஸ் குழு 2016இல் அறிவித்தபடி, துணை ஏறத்தாழ 50 வானியல் அலகுக்குள் இருக்கும் இடங்களில் கோள்கள் எதிர்பார்ப்பதில் மூன்றில் ஒரு பங்கே காணப்படுகின்றன. அந்த மூன்றில் ஒரு பங்கும் எப்படித் தப்பியது என்பதே என்னைப் பொறுத்தவரை சுவையான கேள்வி.

கடைசியாக, வானம் எப்படித் தெரியும் என்பது. கெப்ளர்-16இன் கோள் வாயுக் கோள் என்பதால் நிற்கத் தரை கிடையாது. அதன் வெப்பநிலையும் உறைநிலைக்குக் கீழே பல பத்துப் பாகைகள். ஒரு நிலவு இருந்து அதில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். பெரிய விண்மீன் ஏறத்தாழ அரைப் பாகை அகலத்தில், நம் சூரியனைவிடச் சற்றே சிறிதாக, ஆரஞ்சு நிறத்தில் தெரியும். சிறியது அதில் மூன்றில் ஒரு பங்கு அகலமே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் அதனுடையது என்பதால், அதனால் விழும் இரண்டாவது நிழலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இரண்டும் அதிகம் விலகும்போது ஏறத்தாழ 18 பாகை இடைவெளி இருக்கும். ஆகவே ஒன்று மறைந்து ஒரு மணி நேரம் கழித்து மற்றது மறைவதா, இரண்டும் சேர்ந்தே மறைவதா என்பது நாளுக்கு நாள் மாறும். கோளும் நகர்வதால் 41 நாளுக்குப் பதிலாக 50 நாளுக்கு ஒருமுறை செங்குறுமீன் பெரியதன் முகத்தைக் கடக்கும். நமக்கு இங்கிருந்து அந்த மறைப்பில் 13 விழுக்காடு ஒளியே குறைகிறது. அங்கே நிற்பவருக்குச் செங்குறுமீன் 0.53 வானியல் அலகிலும் பெரிய விண்மீன் 0.75 வானியல் அலகிலும் இருப்பதால், பெரிய விண்மீனின் முகத்தில் கால் பகுதியே மறைந்து, நண்பகல் வெளிச்சம் சில மணி நேரத்துக்கு மங்கிப் பின் தெளியும்.